காணாமல் போன பெண்பள்ளியைத் தேடுவது எப்படி: விளாப்பாக்கத்தை வைத்து ஒரு வழிகாட்டி

ஆற்காட்டுப் பக்கம் விளாப்பாக்கம் என்று ஓர் ஊர், இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம். முதல் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945 வாக்கில், பட்டினிக் குரத்தி அடிகள் என்ற சமணத் துறவி அங்கே ஒரு கிணறு தோண்டினார். பக்கத்துத் திருப்பான்மலையில் இருந்த அரிஷ்டநேமி பிடாரரின் மாணாக்கியார் அவர். கிணற்றோடு சேர்ந்த இடம் பெண்பள்ளியாக, அதாவது பெண் துறவிகள் தங்கும் மடமாக, ஊரின் இருபத்துநால்வர் என்ற குழுவின் பொறுப்பில் விடப்பட்டது. இவ்வளவும் கல்வெட்டில் இருக்கிறது. பள்ளிக் கட்டடம்தான் இல்லை.

இப்படிப்பட்ட இடங்களைத் தேட வேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். சமணத் தடம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே மலையேறிவிடுகிறார்கள். குகையும் கற்படுக்கையும் பாறைச் சிற்பமும் மேலேதானே இருக்கின்றன, அதனால் அது இயல்புதான். பெண்பள்ளி என்று வந்தால் மட்டும் கண்ணைக் கீழே, ஊர்ப்பக்கம் திருப்புங்கள், முதலில் தண்ணீரைத் தேடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் கல்வெட்டு

களத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், கல்வெட்டு ஆண்டறிக்கைகள், தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட மாவட்டத் தொகுதிகள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்டறிக்கையில் ஒரு கல்வெட்டுக்கு இரண்டு வரிச் சுருக்கம்தான் இருக்கும். அதை நம்பி நிற்காமல் முழுப் பாடம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கம் எழுதியவர் அரசன் பெயரையும் தானத்தையும்தான் கவனித்திருப்பார். நமக்கு வேண்டிய "கிணற்றுக்கு மேற்கு", "ஏரிக்கரைக்கு வடக்கு" போன்ற விவரங்கள் பாடத்தில்தான் இருக்கும்.

எந்தச் சொற்களைத் தேடுவது? குரத்தி, குரத்தியார், குரத்தி அடிகள், மாணாக்கியார், கந்தியார் (பெண் துறவி), பெண்பள்ளி, பள்ளிச்சந்தம் (பள்ளிக்கு விட்ட நிலம்). கூடவே பிடாரர், படாரர் என்று வந்தால் அது பட்டாரகர், சமண ஆசான். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளை நமக்கு எல்லோருக்கும் தெரியும், ஆனால் கல்வெட்டுகளில் அதிகம் வருவது குரத்திதான். இது குருவின் பெண்பால், இடையின ரகரம். வல்லின றகரம் போட்டுக் குறத்தி என்று படித்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

கல்லின் படத்தையோ மைப்படியையோ (கல்லெழுத்தை மை தடவித் தாளில் எடுத்த படி) நேரடியாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: அந்தக் காலத்துக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. "பெண்பள்ளி" என்பது "பெணபளளி" என்றுதான் தெரியும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் தெரியாது, பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நடுநடுவே ஸ்வஸ்திஸ்ரீ போன்ற இடங்களில் கிரந்த எழுத்து வரும். சில வாரம் தினமும் ஒரு பாடம் வாசித்தால் கண் பழகிவிடும்.

ஆண்டைக் கணக்கிடுவது சுலபம். "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்றால் முதல் பராந்தகன், ஆட்சி 907இல் தொடங்குகிறது, அதோடு ஆட்சியாண்டைக் கூட்டினால் போதும். வெறும் "கோவிராசகேசரி" என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அந்தப் பட்டம் பல சோழர்களுக்கு உண்டு, எழுத்தின் வடிவத்தையும் பிற செய்திகளையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆளின் ஊர் வேறு, பள்ளியின் இடம் வேறு

புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. கழுகுமலைப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர். அதில் குரத்திகள் பலர். திருச்சாரணத்துக் குரத்திகள் என்று ஒரு பெயர் வருகிறது. திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. கழுகுமலையில் அந்தப் பெயர் இருப்பதால் அங்கே பெண்பள்ளி இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்தத் துறவி எங்கிருந்து வந்தார், அல்லது எந்த மரபைச் சேர்ந்தவர் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆகவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு சிதறாலுக்குப் போக வேண்டும். அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்திகள் பகவதிக்குப் பொன் கொடுத்த செய்தி கல்லிலேயே இருக்கிறது. இப்படி ஓர் இடம் இன்னோர் இடத்தைக் காட்டும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, ஆளின் பெயர், ஆள் சொல்லும் ஊர், கல் இருக்கும் ஊர் என்று தனித்தனியாக எழுதி வையுங்கள்.

இன்னொரு விஷயம், கல் பாறையில் வெட்டியதா, தனிக்கல்லா என்று பாருங்கள். பாறை நகராது. வேடல் என்ற ஊரில் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) கல்வெட்டு பாறையில் இருப்பதால் அந்த இடத்தை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விளாப்பாக்கத்தில் அப்படி இல்லை, அது கோயில் முன் நிற்கிற தனிக்கல். தனிக்கல்லை யாராவது வாய்க்கால் பாலத்துக்கோ துணி துவைக்கவோ எடுத்துப் போயிருக்கலாம், பிறகு நல்ல மனசுள்ள ஒருவர் அதைக் கோயிலில் கொண்டுவந்து நட்டிருக்கலாம். கல் நிற்கும் இடம்தான் பள்ளி என்று வைத்துக்கொண்டு தேடினால் ஊரின் தவறான மூலையிலேயே சுற்றிக்கொண்டிருப்போம்.

குகை ஏன் போதாது

வேடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்தவாசிப் பக்கம் இருக்கிறது, கல்வெட்டில் அதன் பெயர் விடால், சிங்கபுர நாட்டைச் சேர்ந்தது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆண்டு, சுமார் 885. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார். அங்கே ஐந்நூறு மாணாக்கப் பிள்ளைகளுக்கும் நானூறு தவப்பெண்களுக்கும் பிணக்கு வந்தது, அதனால் குரத்தியாரையும் அவர் வழி மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள் என்கிறது கல்.

எண்ணிக்கையைச் சரியாக எடுத்துக்கொண்டாலும், கொஞ்சம் மிகை என்று வைத்துக்கொண்டாலும், அத்தனை பேர் ஒரு பாறைக் குகையில் தங்க முடியாது. அப்படியென்றால் மலையைச் சுற்றிச் செங்கல்லும் மரமும் ஓலையும் ஓடும் கொண்ட குடியிருப்பு இருந்திருக்க வேண்டும். உணவு ஊரிலிருந்து வந்தது. சமணத் துறவிகள் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, தண்ணீரையும் வடிகட்டாமல் குடிப்பதில்லை. பகலில் நடந்து ஊருக்குள் போய்த் திரும்பும் தூரம், கிட்டத்திலேயே நல்ல தண்ணீர், மழைக்காலம் நான்கு மாதமும் ஒரே இடத்தில் தங்க மேடான நிலம்: இந்த மூன்றும் சேர்கிற இடத்தைத்தான் நாம் தேடுகிறோம். செங்கல்லை அடுத்து வந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள், மரம் மக்கியிருக்கும். கிணற்றை மட்டும் யாரும் லேசில் விடமாட்டார்கள். ஆயிரம் ஆண்டில் எத்தனையோ கை மாறியிருக்கும், தூர் வாரியிருப்பார்கள், மேலே சிமெண்ட் வளையம் வைத்திருப்பார்கள், ஆனால் கிணறு அதே இடத்தில் இருக்கும்.

வரைபட வேலை

முதலில் ஊரைப் பழைய நாட்டுப் பிரிவில் பொருத்துங்கள். விளாப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள பஞ்சபாண்டவமலைதான் கல்வெட்டுத் திருப்பான்மலை, படுவூர்க் கோட்டத்துப் பெருந்திமிரி நாட்டில் வருகிறது. திமிரி இன்றும் அதே பெயரில் இருப்பதால் பொருத்துவது எளிது. அந்த மலையிலேயே பல்லவ மன்னன் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆண்டில் பொன்னியக்கியார் என்ற இயக்கியின் (சமணப் பெண் தெய்வம்) உருவம் செதுக்கிய செய்தி இருக்கிறது, அது 780 வாக்கில். முதலாம் இராசராசனின் 8ஆம் ஆண்டில் இலாடராசர் வீரசோழர் என்ற குறுநில மன்னர், தம் தேவியார் கேட்டுக்கொண்டபடி, பள்ளிச்சந்தத்துக்கு இடையூறாக இருந்த கற்பூர விலை என்ற வரியை விட்டுக்கொடுத்த செய்தியும் இருக்கிறது. ஆக, இருநூறு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்த ஒரு சமண மையம், அதன் நடுக்காலத்தில், 945இல், கீழே ஊரில் பெண்பள்ளி. இப்படி ஒரு காலவரிசையை முதலில் எழுதிக்கொண்டால் களத்தில் எந்தக் காலத்துப் பொருளைத் தேடுகிறோம் என்று தெளிவு வரும்.

பஞ்சபாண்டவர் என்று பெயர் வரும் மலைகளை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சமணக் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

அப்புறம் நிலப் பதிவேடுகள். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் ஊரையும் புல எண்ணையும் கொடுத்தால் புல வரைபடமும் அ-பதிவேட்டு விவரமும் (நிலத்தின் வகையும் பரப்பும்) பார்க்கலாம். கிணறு புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, குளம், பழைய நத்தம் என்று வகைப்படுத்திய புலங்களையெல்லாம் தனித்தாளில் எடுத்து எழுதுங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் ஏரி, வாய்க்கால், மேட்டு நிலம் மூன்றையும் பாருங்கள். ஏரி அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது. கல்வெட்டில் ஏரிக்கரை எல்லையாகச் சொல்லப்பட்டிருந்தால் தேட வேண்டிய பரப்பு அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும். நிலம் இத்தனை குழி என்று கல்வெட்டில் இருந்தால் இன்றைய சென்ட் கணக்குக்கு உடனே மாற்றிவிடாதீர்கள். அளந்த கோல் பன்னிரு சாணா, பதினாறு சாணா என்பதைப் பொறுத்து குழியின் அளவே மாறும்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கும் மாதங்கள்தான் நல்லது. புதைந்த செங்கல் சுவர் இருக்கும் இடத்தில் மண்ணின் நிறம் வேறாகத் தெரியலாம், பயிர் இருந்தால் அந்த வரிசையில் மட்டும் குட்டையாக, முன்கூட்டியே பழுத்து நிற்கலாம். நேர்கோடு தெரிந்தாலே சுவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய வரப்பும் குழாய்ப் பள்ளமும் அப்படியேதான் தெரியும்.

ஆழமாகப் போக நினைத்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் (மானிய நிலம்) பதிவேடுகள் இருக்கின்றன. 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் வேலையால் உருவானவை. எந்தப் புலம் எந்தக் கோயிலுக்கு, எந்தப் பள்ளிக்கு மானியம் என்று அதில் வரும்.

ஊர்ப் பெயர்களும் பேச்சும்

புலத்துக்குப் புலம் மக்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அது பதிவேட்டில் இருக்காது. சமணமேடு, அம்மணமேடு, நயினார் தோப்பு, பள்ளிமேடு என்று எது காதில் விழுந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி என்ற பெயரை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். பௌத்தப் பள்ளியாக இருக்கலாம், திருமால் பள்ளிகொண்ட தலமாக இருக்கலாம், பழைய திண்ணைப் பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம்.

யாரிடம் கேட்பது? ஏரியில் மடை திறக்கிற நீர்க்கட்டி, கிணறு வெட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், ஏர் ஓட்டுகிற பெரியவர்கள். செங்கல் எங்கே தட்டுப்படுகிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். "இங்கே சமணப் பள்ளி இருந்ததா?" என்று கேட்காதீர்கள், நம்மைத் திருப்திப்படுத்தவாவது ஆமாம் என்பார்கள். "ஐயா, உழும்போது எந்தக் கொல்லையில பழைய செங்கல் வரும்?" "எந்தக் கிணத்துத் தண்ணி கோடையிலயும் வத்தாது?" என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். தண்ணீர் எடுத்தவர்கள் அவர்கள்தான், கைவிட்ட கிணறுகளின் பெயர் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அவர்களிடம் போவதென்றால் மரியாதையோடு, அவர்கள் வழிபாட்டு முறையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். நமக்கு ஆராய்ச்சி, அவர்களுக்கு அது முன்னோர் வீடு.

களத்தில்

காலை வெயில் சாய்ந்து விழும் நேரம்தான் எழுத்துக்கும் நல்லது, மேடுபள்ளத்துக்கும் நல்லது. நிலத்துக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கைந்து பேர் ஒரே இடைவெளியில் வரிசையாக நடந்து, பார்த்ததை அந்தந்த இடத்திலேயே குறியுங்கள். எதையும் எடுத்து வராதீர்கள். ஓடு கிடந்த இடம்தான் சான்று, எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு.

கிணற்றை எப்படிப் பார்ப்பது? மேல் வளையத்தை விடுங்கள், டார்ச் அடித்து உள்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே ஜல்லிக் கல், நடுவில் சுண்ணாம்புக் காரை, அதற்கும் கீழே காரையே இல்லாமல் பொருத்திய பெரிய பட்டைக் கற்கள் என்று அடுக்கு மாறினால், கிணறு பல காலத்தில் பழுது பார்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சுவரில் ஒரு கல் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல், ஓரம் வளைத்துச் செதுக்கியதாகவோ எட்டுப்பட்டைத் தூணின் துண்டாகவோ இருந்தால் படம் எடுங்கள். எங்கோ இருந்த கட்டடத்திலிருந்து வந்த கல் அது, அந்தக் கட்டடம் பெரும்பாலும் கிட்டத்திலேயே இருந்திருக்கும். கைவிட்ட கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. அடியில் விஷவாயு தங்கி ஆள் போன செய்தி வருடா வருடம் வருகிறது.

சிற்பம் தென்பட்டால்: ஆடை இல்லை, தலைக்கு மேல் முக்குடை, இருபுறமும் சாமரம் என்றால் தீர்த்தங்கரர். தோளில் மடித்த ஆடையும் தலையில் முடிமேடும் இருந்தால் புத்தர். ஊரில் இரண்டையும் புத்தர் என்றோ மொட்டைச்சாமி என்றோதான் சொல்வார்கள். சிங்கமும் குழந்தைகளும் உடைய பெண் உருவம் அம்பிகை இயக்கியாக இருக்கலாம், அது இன்று அம்மனாகக் கும்பிடப்படவும் வாய்ப்பு இருக்கிறது. அப்படி என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் கேட்டு, தொடாமல் பாருங்கள். அது உங்கள் அம்மன் இல்லை, சமண இயக்கி என்று அங்கே நின்று வாதாட வேண்டாம்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தடவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கல் அரித்துப் போகும், அடுத்து வருகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் நான்கு படம் எடுத்தால் பகலில் தெரியாத கோடுகூடத் தெரியும்.

செங்கல்லை அளந்து எழுதுங்கள். உயரம், அகலம், நீளம் 1:3:6 விகிதத்தில் பெரிதாக இருந்தால் அது சங்ககாலத்தை ஒட்டிய செங்கல், நம் பெண்பள்ளிக்கு மிக முந்தியது. கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் அப்படித்தான், பழமையைக் காட்டும், ஆனால் பத்தாம் நூற்றாண்டைக் காட்டாது. பழசாக இருந்தால் போதும் என்று எல்லாவற்றையும் நம் பள்ளிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எப்போது "இதுதான்" என்று சொல்லலாம்

கல்வெட்டு எல்லை பொருந்த வேண்டும், தரையில் கிடக்கும் பொருளின் காலம் பொருந்த வேண்டும், ஊர்ப்பெயரோ சிற்பமோ சமணத்தோடு ஒட்ட வேண்டும். மூன்றும் ஒரே புலத்தில் சேர்ந்தால் "பெரும்பாலும் இங்கே" என்று எழுதுங்கள். இரண்டுதான் என்றால் "இருக்கலாம்". ஒன்று மட்டும் என்றால் குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெண்பள்ளியா, ஆண் துறவிகளின் பள்ளியா என்பதைச் செங்கல் சொல்லாது, கல்வெட்டுதான் சொல்லும். அதனால் கல்வெட்டில்லாத இடத்தில் சமணக் குடியிருப்பு என்பதோடு நில்லுங்கள், என்னதான் ஆசையாக இருந்தாலும்.

தோண்டுவது மட்டும் கூடாது. உரிமம் இல்லாத அகழாய்வு சட்டப்படி குற்றம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமாக இருந்தால் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. புதையல், சிலை, செப்பேடு என்று எதுவும் வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சொல்லலாம்.

கண்டதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: ஊர், புல எண், ஜிபிஎஸ் புள்ளி, தேதி, அளவுகோலோடு எடுத்த படம், சொன்னவரின் வார்த்தை அவர் சொன்னபடியே. ஒரு பிரதி மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒன்று அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு, ஒன்று அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு. பக்கத்தில் கல்குவாரி ஏலம் வரப்போகிறது என்று தெரிந்தால் அதையும் முதல் வரியிலேயே எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இதில் தாமதம் வேண்டாம். இணையத்தில் போடும்போது தனியாகக் கிடக்கும் சிற்பத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும், வழி அடையாளம் தெரியும் படத்தையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். சிலை திருடுகிறவர்களும் அதே பக்கங்களைத்தான் படிக்கிறார்கள்.